ட்ரினிட்டி கல்லூரியின் வயலும் ஒரு நிபந்தனையும்

1960களில் ஐ.பி.எம். நிறுவனம் தன் ஐரோப்பிய ஆராய்ச்சிக் கூடத்தை வைக்கக் கேம்பிரிட்ஜில் இடம் கேட்டது. இன்று எந்த ஊரும் வாசலில் கோலம் போட்டு வரவேற்கக்கூடிய விண்ணப்பம். பெரிய பெயர், படித்தவர்களுக்கான வேலை, புகைபோக்கி இல்லாத தொழில். கேம்பிரிட்ஜில் திட்ட அனுமதி கொடுக்கும் இடத்தில் இருந்தவர்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

நகரமைப்பு பற்றிய பேச்சில் இந்த மறுப்பு அடிக்கடி தலைகாட்டும், பெரும்பாலும் முட்டாள்தனத்துக்கு உதாரணமாக. நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறகு அந்த மறுப்பின் பின்னணியையும், அதற்குச் சில ஆண்டுகள் கழித்து அதே ஊரில் கொடுக்கப்பட்ட ஓர் அனுமதியையும் சேர்த்து வைத்துப் படித்தபோது அந்த எண்ணம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. அந்த அனுமதியிலிருந்து பிறந்ததுதான் கேம்பிரிட்ஜ் சயின்ஸ் பார்க். நாம் ஐ.டி. பார்க் என்று சொல்லும் குடும்பத்தில் மூத்த தலைமுறையைச் சேர்ந்தது. அதை வளர்த்ததில் நிலம் வைத்திருந்தவருக்கும் தொழில் நடத்தியவருக்கும் பங்கு உண்டு. அனுமதித் தாளில் எழுதப்பட்ட நிபந்தனைக்கும் பங்கு உண்டு. அந்த நிபந்தனைக்கு எட்டாமல் போன விஷயங்கள்தான் இன்று கேம்பிரிட்ஜைப் பிடித்து ஆட்டுகின்றன.

முதலில் சட்டம். ஆட்லியின் தொழிற்கட்சி அரசு 1947இல் கொண்டுவந்த நகர் ஊரமைப்புச் சட்டம் 1948 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து இங்கிலாந்தில் நிலம் வைத்திருப்பவருக்கு நிலம் சொந்தம், அதில் கட்டும் உரிமை சொந்தமில்லை. வயலைக் கட்டடமாக்க வேண்டுமானாலும் ஒரு கட்டடத்தின் பயன்பாட்டைப் பெரிய அளவில் மாற்ற வேண்டுமானாலும் உள்ளாட்சி மன்றத்தைக் கேட்க வேண்டும். மறுத்தால், பொதுவாக, நஷ்டஈடு கிடையாது. அதுவரை 1,400க்கும் மேற்பட்ட சின்னச் சின்ன மன்றங்களிடம் சிதறிக் கிடந்த இந்த அதிகாரம், 145 கவுண்டி மன்றங்களிடமும் பெருநகர மன்றங்களிடமும் போய்ச் சேர்ந்தது. போரில் வென்று, உணவுக்கு ரேஷன் அட்டையோடு நின்ற ஒரு நாடு, நிலத்தின் எதிர்காலத்தை ஏறக்குறைய பொதுவுடைமை ஆக்கியது. பின்னால் வந்த கன்சர்வேட்டிவ் அரசுகள் அந்தச் சட்டத்தின் வரிப் பகுதியைக் கழற்றி எறிந்தன. அனுமதிப் பகுதியில் கை வைக்கவில்லை.

சட்டத்தின் பெயர் நமக்கு அந்நியமில்லை. 1920இன் சென்னை நகரமைப்புச் சட்டத்துக்குப் பதிலாக வந்த தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971ஆம் ஆண்டின் பெயரைச் சுமக்கிறது. இங்கிலாந்திலும் அதே பெயரில் அதே ஆண்டில் ஒரு சட்டம் உண்டு. ஆனால் சென்னையில் பெரிய கட்டடத்துக்கான திட்ட அனுமதி சி.எம்.டி.ஏ.விடம் இருக்கிறது. இங்கிலாந்திலோ, தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டு வந்த கவுன்சிலர்கள், ஊரார் பார்க்கக் கை தூக்கி வாக்களிக்கிறார்கள்.

1950இல் வில்லியம் ஹோல்ஃபர்டும் மைல்ஸ் ரைட்டும் கேம்பிரிட்ஜுக்காக ஒரு திட்டம் வரைந்து கொடுத்தார்கள். அதன் அடியில் ஓடிய பயத்துக்கு ஆக்ஸ்ஃபர்டு என்று பெயர். ஆக்ஸ்ஃபர்டின் கிழக்கு ஓரத்தில், கௌலியில், மோரிஸ் கார்த் தொழிற்சாலை வளர்ந்து ஊரின் குணத்தையே மாற்றியிருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஊராகவே இருக்க வேண்டும், மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சுற்றி நிற்க வேண்டும், பெரிய தொழில் எதுவும் உள்ளே வரக்கூடாது என்பது திட்டம். கவுண்டியின் வளர்ச்சித் திட்டம் அதை ஏற்றது. 1954இல் அமைச்சரும் ஒப்புதல் கொடுத்தார். லண்டனிலிருந்த அரசு வேறொரு பக்கத்திலிருந்து இதே திசையில் தள்ளிக்கொண்டிருந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட தொழிற்கூடம் எதற்கும் வர்த்தக வாரியத்தின் சான்றிதழ் தேவை. தொழில்களைத் தெற்கிலிருந்து விலக்கி, நிலக்கரியும் கப்பல் கட்டுதலும் நொடித்துக்கொண்டிருந்த வடக்குக்கும் ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் அனுப்புவதே அந்தச் சான்றிதழின் வேலை. ஐ.பி.எம்.முக்குக் கிடைத்த மறுப்பு ஏதோ ஓர் அதிகாரியின் கோணல் புத்தியில் விளைந்ததில்லை. பத்துப் பதினைந்து வருடம் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்த கொள்கையின் நேரான விளைவு அது.

அந்தக் கொள்கையை முதலில் உடைக்கப் பார்த்தது தொழிலதிபர்கள் அல்லர், பல்கலைக்கழகமே. 1964இல் ஆட்சிக்கு வந்த ஹரால்டு வில்சனின் அரசு, பல்கலைக்கழகங்கள் தொழில்துறையோடு நெருங்கிப் பழக வேண்டும் என்று வற்புறுத்தியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஒரு குழு போட்டது. தலைவர் நெவில் மாட், கேவண்டிஷ் ஆய்வகத்தின் பேராசிரியர், பின்னாளில் 1977இல் இயற்பியல் நோபல் பெற்றவர். 1969இல் வந்த அவரது அறிக்கை, விஞ்ஞானத்தை நம்பிய தொழில்கள் கேம்பிரிட்ஜ் அருகே ஓரளவு வளர இடம் தர வேண்டும், அதற்கென்றே ஒரு பூங்கா அமையலாம் என்றது. எல்லாத் தொழிலுக்கும் கதவைத் திறந்துவிடச் சொல்லவில்லை; ஒரு வகைக்கு மட்டும் ஒரு திட்டிவாசல் கேட்டது.

இடம் கொடுக்க முன்வந்தது ட்ரினிட்டி கல்லூரி. தமிழர்களுக்கு ட்ரினிட்டி என்றால் ராமானுஜன். 1918இல் அவரை ஃபெலோவாக ஏற்ற கல்லூரி. அதே கல்லூரிக்கு இன்னொரு முகம் உண்டு: பெரிய நிலச்சுவான்தார். நகரின் வடக்கு விளிம்பில், மில்டன் சாலையை ஒட்டி, 1546இல் எட்டாம் ஹென்றி கல்லூரியை நிறுவிய காலத்திலிருந்து அதன் கையில் இருந்த நிலம் ஒன்று கிடந்தது. பயிர் விளைந்த பூமி. இரண்டாம் உலகப் போரின்போது அரசு அதை எடுத்துக்கொண்டது. நார்மண்டிப் படையிறக்கத்துக்கு முன் அமெரிக்க ராணுவம் தன் டாங்கிகளையும் வண்டிகளையும் அங்கே நிறுத்தித் தயார் செய்தது. போர் முடிந்து வண்டிகள் போன பிறகு நிலம் பாழாகக் கிடந்தது. 

கல்லூரியின் சொத்துக் கணக்கைப் பார்த்தவர் ஜான் பிராட்ஃபீல்டு. விலங்கியல் படித்தவர், 1956 முதல் 1992 வரை மூத்த பொருளாளர். ஒரே நாற்காலியில் முப்பத்தாறு வருடம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்கு அது தேவை. பூங்கா அமைக்க 1970இல் கல்லூரி முடிவெடுத்தது, 1971இல் கொள்கையளவிலான அனுமதி கிடைத்தது.

அந்த அனுமதியின் நிபந்தனையைப் பொறுமையாகப் படித்தால் ஒரு விசித்திரம் தெரியும். பொதுவாக ஒரு திட்ட அனுமதி கட்டடத்தைப் பற்றிப் பேசும்: உயரம் இவ்வளவு, வண்டி நிறுத்த இடம் இவ்வளவு, மரம் வெட்டக்கூடாது. இந்த நிபந்தனை பேசியது குடியேறுபவரின் தொழிலைப் பற்றி. உற்பத்தித் தொழிலோடு தொடர்புள்ள விஞ்ஞான ஆராய்ச்சி செய்யலாம். இலகு ரக உற்பத்தியும் செய்யலாம், ஆனால் அந்த உற்பத்தி, கேம்பிரிட்ஜ் பகுதியில் இருக்கும் தன் ஆராய்ச்சிப் பிரிவோடோ பல்கலைக்கழக விஞ்ஞானிகளோடோ உள்ளூர் ஆய்வு நிறுவனங்களோடோ அடிக்கடி கலந்து பேசினால்தான் நடக்கும் என்ற வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இவற்றுக்குத் துணையாக, பூங்கா இயங்கத் தேவையான சில்லறைக் காரியங்கள். அவ்வளவுதான். கிடங்கு கிடையாது, சாதாரண அலுவலகம் கிடையாது, ஆயிரக்கணக்கில் ஒரே சாமானைச் செய்து தள்ளும் பட்டறை கிடையாது.

யாரோடு பேசுகிறாய் என்று கேட்கும் அனுமதி! ஒரு நிறுவனம் உள்ளே வர விரும்பினால், அது எந்த விஞ்ஞானியிடம் எதற்காகப் போகிறது என்பது திட்ட அதிகாரிகளின் கேள்வியாகிவிட்டது. நிலப் பயன்பாட்டைப் பார்க்க வேண்டிய சட்டம் மனிதர்களின் உறவைப் பார்க்கத் தொடங்கியது. சட்டக் கண்ணோடு பார்த்தால் இது கொஞ்சம் எல்லை மீறல் என்றே படுகிறது. ஆனால் எழுதியவர்களுக்கு வேறு வழி இருந்திருக்காது. தொழில் கூடாது என்ற பழைய கொள்கையையும் விஞ்ஞானத் தொழில் வேண்டும் என்ற புதிய அறிக்கையையும் ஒரே தாளில் சேர்த்து வைக்க வேண்டியிருந்தது. அதற்குக் கிடைத்த ஒட்டுப் பசை இந்த வாக்கியம்.

வியாபாரமாகப் பார்த்தால் இது தற்கொலைக்குச் சமம். வரக்கூடியவர்களில் பெரும்பாலோரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் சொத்து அது. கேவண்டிஷ் ஆய்வகத்தில் வேர்கொண்ட லேசர்-ஸ்கேன் என்ற நிறுவனம் 1973இல் முதல் ஆளாக வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் எண்ணெய் விலை ஏறி, பிரிட்டனின் பொருளாதாரமே படுத்துவிட்டது. 1970களின் முடிவில் பூங்காவில் இருந்தவை சுமார் 25 நிறுவனங்கள். கடன் வாங்கிக் கட்டிய ஒரு கட்டுமான முதலாளி இந்த வேகத்தில் இரண்டு வருடம் தாக்குப்பிடித்திருக்க மாட்டார். நிபந்தனையைத் தளர்த்துங்கள், இல்லையேல் வேலைகள் போய்விடும் என்று மன்றத்தின் கதவைத் தட்டியிருப்பார். மன்றமும் தளர்த்தியிருக்கும். ட்ரினிட்டிக்கு அந்த அவசரம் இல்லை. நானூறு வருடம் வைத்திருந்த நிலம். பொருளாளரோ முப்பத்தாறு வருடம் அசையாதவர். ஒரு நிபந்தனை நிலைப்பதற்கு அதை எழுதிய கையைவிட, அதற்குக் கீழ்ப்படிந்தவரின் கஜானா முக்கியமாக இருந்தது என்பதைத் திட்டமிடல் பாடநூல்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

காத்திருந்ததற்குப் பலன் வந்தது. 1960இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் கன்சல்டன்ட்ஸ் 1979இல் பூங்காவுக்குக் குடிவந்தது. 1980களின் தொடக்கத்தில் நாப் மருந்து நிறுவனம் வந்தது. கனடாக் கட்டடக் கலைஞர் ஆர்தர் எரிக்ஸன் அதற்கு வரைந்த கட்டடம் இன்றும் பூங்காவின் அடையாளம். நீளமாகப் படுத்திருக்கும் கான்கிரீட், வரிசையாக விலா எலும்புகள், அவற்றுக்கிடையே சாய்ந்து இறங்கும் கண்ணாடி, முன்னால் தண்ணீர். இங்கிலாந்தின் மேகமூட்டத்தில் அதைப் பார்த்தால் ஏதோ வேற்றுக் கிரகத்துக் கப்பல் தவறி இறங்கிவிட்டாற்போல் இருக்கும். சுற்றிலும் தாழ்வான கட்டடங்கள், குளம், புல்வெளி. 1985இல் சீகல் குவின்ஸ் என்ற ஆலோசனை நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, கேம்பிரிட்ஜைச் சுற்றிச் சிறு தொழில்நுட்ப நிறுவனங்கள் முளைத்த கதைக்குக் ‘கேம்பிரிட்ஜ் அதிசயம்’ என்ற பொருளில் ஒரு பெயரைத் தலைப்பாக்கியது, பெயர் ஒட்டிக்கொண்டது. 1987இல் சாலைக்கு எதிர்ப்புறம் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியும் தன் புத்தாக்க மையத்தைத் திறந்தது.

இதையெல்லாம் நிபந்தனையின் வெற்றி என்று எழுதிவிட ஆசையாக இருக்கும். அவ்வளவு நேரான கணக்கு இது இல்லை. முளைத்த நிறுவனங்களில் பெரும்பாலானவை பூங்காவுக்கு வெளியேதான் இருந்தன. பின்னாளில் உலகமெங்கும் செல்பேசிகளுக்குள் புகுந்த ஏ.ஆர்.எம். நிறுவனம், கேம்பிரிட்ஜுக்கு வெளியே ஒரு கிராமத்தின் பழைய கொட்டகையில்தான் வேலையைத் தொடங்கியது. ஆனால் பூங்காவுக்கு ஒரு முகவரி மதிப்பு வந்ததற்கு வடிகட்டல் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. பக்கத்துக் கட்டடத்தில் யார் இருப்பார் என்று தெரிந்த இடத்துக்குத்தான் இந்த வகை ஆட்கள் வருகிறார்கள். தடுப்பாகக் கட்டிய சுவர் நாளடைவில் சாய்ந்துகொள்ளும் திண்ணையாகிவிட்டது.

அந்த மாதிரிச் சுவர் எழுப்புவது பிறகு கடினமானது. 1987இல் தாட்சர் அரசு கட்டடப் பயன்பாட்டு வகைகளைத் திருத்தி, அலுவலகம், ஆய்வகம், இலகு ரகத் தொழில் மூன்றையும் ஒரே வகையில் போட்டது. ஒரே வகைக்குள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற அனுமதி தேவையில்லை. ஆய்வகம் என்று சொல்லிக் கட்டி, காப்பீட்டு நிறுவனத்துக்கு வாடகைக்கு விடலாம். இங்கிலாந்தெங்கும் நெடுஞ்சாலைச் சந்திப்புகளில் கண்ணாடிப் பெட்டிகளும் செயற்கைக் குளமும் கார் நிறுத்தமுமாக பிசினஸ் பார்க்குகள் பெருகியதற்கு இந்தத் திருத்தம் பெரிய உரம். 2020 செப்டம்பரில் அந்த வகையும் கரைந்தது: அலுவலகமும் ஆய்வகமும் இப்போது கடை, சிற்றுண்டிச் சாலை, உடற்பயிற்சிக் கூடம், கிளினிக் ஆகியவற்றோடு ஒரே கூடையில். குறிப்பிட்ட பயன்பாட்டில் நிற்க வைக்க வேண்டுமென்றால் மன்றம் தனி நிபந்தனை எழுத வேண்டும், அதற்குக் காரணமும் காட்ட வேண்டும்.

காரணம் காட்டுவது எங்கே எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க இப்போது கடல் கடந்து போக வேண்டியதில்லை. பல மன்றங்கள் திட்டக் குழுக் கூட்டங்களை இணையத்தில் நேரலையாகக் காட்டுகின்றன. எந்த மன்றமானாலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். விளக்குக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறையில் கட்டித் தொங்கவிட்ட அறிவிப்பு, மழையில் எழுத்து கசிந்து, தன் வேலையை முடித்திருக்கும். கூட்டத்தில் முதலில் அதிகாரி பேசுவார். அவர் தயாரித்த அறிக்கை நூறு பக்கத்தைத் தாண்டியிருக்கும், கடைசியில் பரிந்துரை ஒரே வரி. எதிர்ப்பாளருக்குப் பெரும்பாலும் 3 நிமிடம், விண்ணப்பதாரருக்கு 3 நிமிடம், ஊர் மன்றத்துக்கு 3 நிமிடம். மூன்றாவது நிமிடம் முடியும்போது பேசிக்கொண்டிருப்பவர் ஏதோ ஒரு பாட்டியம்மாளாக, தன் தெருவில் காலை எட்டு மணிக்கு நிற்கும் கார் வரிசையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். தலைவர் நயமாக நிறுத்தச் சொல்வார். வீட்டின் விலை குறையும் என்பது செல்லாத வாதம். என் ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும் என்பதும் செல்லாது. போக்குவரத்து, வெளிச்சம், வெள்ளம், ஊர்த் திட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்பவை செல்லும். 2004ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டப்படி முடிவு ஊர்த் திட்டத்தை ஒட்டியே இருக்க வேண்டும், மாறிப் போக வலுவான காரணம் இருந்தாலொழிய. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு எடை என்பதை மட்டும் சட்டம் சொல்லாது. அது முடிவெடுப்பவர் கையில். 1995இல் டெஸ்கோ பல்பொருள் அங்காடி தொடர்பான வழக்கில் பிரபுக்கள் சபை தெளிவாகச் சொன்னது இதைத்தான்.

இவ்வளவு சுதந்திரம் இருந்தும் கவுன்சிலர்களின் முகத்தில் சுதந்திரம் தெரிவதில்லை. அதிகாரியின் பரிந்துரைக்கு எதிராக வாக்களித்து, அந்த மறுப்பு மேல்முறையீட்டில் நிற்காமல், மன்றம் நியாயமில்லாமல் நடந்துகொண்டது என்றும் முடிவானால், எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் செலவையும் மன்றமே கொடுக்க நேரலாம். ஏற்கெனவே நூலகத்தின் நேரத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும் மன்றத்துக்கு இது சின்னப் பயமில்லை. இன்னொரு பக்கம், பெரிய விண்ணப்பத்துக்கு 13 வாரம், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை இருந்தால் 16 வாரம் என்று கெடு. அதற்குள் முடிவு சொல்லாவிட்டால், கூடுதல் அவகாசத்துக்கு விண்ணப்பதாரர் இணங்காத பட்சத்தில், முடிவு சொல்லாததையே காரணமாக்கி அவர் மேலே போகலாம்.

பணத்தின் போக்கையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பெரிய வளாகம் வந்தால் மன்றத்துக்கு வருமானம் கொட்டும் என்று நாம் நினைப்போம். 1990இல் வணிகக் கட்டட வரியை மத்திய அரசு தேசியத் தொகுப்பாக மாற்றிவிட்டது. வசூல் செய்வது உள்ளூர் மன்றம், பணம் போவது லண்டனுக்கு, அங்கிருந்து வேறு கணக்கில் திரும்பி வரும். 2013இல்தான் பாதியளவு உள்ளாட்சிகளே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. இடைப்பட்ட 23 வருடம், ஒரு மன்றம் பூங்காவுக்குச் சரி என்றால் நெரிசல் அதற்கு, வரி எல்லோருக்கும். நேரடியாகக் கைக்கு வந்தது 1990ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவு ஒப்பந்தங்கள் வழியாக: சாலைச் சந்திப்பை அகலப்படுத்து, பேருந்துக்குப் பணம் கொடு, சைக்கிள் பாதை போடு. அந்தப் பேரமும் எல்லைக்கு உட்பட்டதுதான். கேட்பது அந்தத் திட்டத்துக்குத் தேவையானதாகவும் நேரடித் தொடர்புள்ளதாகவும் அளவுக்குப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும். அனுமதியை விலைக்கு விற்கக்கூடாது என்பது சித்தாந்தம்.

கேம்பிரிட்ஜில் இதற்கு மேல் ஓர் எல்லைச் சிக்கல். 1974இல் உள்ளாட்சி அமைப்பு மாறியபோது திட்ட அனுமதி அதிகாரத்தின் பெரும்பகுதி மாவட்ட மன்றங்களுக்கு இறங்கியது. சயின்ஸ் பார்க் விழுந்தது தெற்குக் கேம்பிரிட்ஜ்ஷர் மாவட்டத்தில். அந்த மாவட்டத்தின் வடிவம் நம் ஊர் உளுந்து வடை மாதிரி. நடு ஓட்டைதான் கேம்பிரிட்ஜ் நகரம். அஞ்சல் முகவரியில் கேம்பிரிட்ஜ், வேலைக்கு வருகிறவர்கள் கேம்பிரிட்ஜ் தெருக்களில், அனுமதி கொடுப்பது வடை. அந்த மன்றத்தின் அலுவலகமே 2004 வரை தன் மாவட்டத்துக்கு வெளியே, ஓட்டைக்குள் இருந்தது; பிறகுதான் கேம்போர்ன் என்ற புது ஊருக்குப் போனது. சாலை கவுண்டி மன்றத்தின் பொறுப்பு. தண்ணீர் தனியார் நிறுவனத்தின் பொறுப்பு. ஆறு சுற்றுச்சூழல் முகமையின் பொறுப்பு. இப்போது நகரமும் மாவட்டமும் திட்டத் துறையைக் கூட்டாக நடத்துகின்றன. ஆனாலும் ஒவ்வொரு விண்ணப்பமும் தன் வேலிக்குள் மட்டும் எடை போடப்படுவது மாறவில்லை.

நிபந்தனை கேட்காத கேள்வி இங்கேதான் வருகிறது. யார் வரலாம் என்று அது கேட்டது. எத்தனை பேர், எங்கே தூங்குவார்கள், எந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள் என்று கேட்கவில்லை. 1971இல் அப்படிக் கேட்கத் தோன்றியிருக்காது. ஹோல்ஃபர்டு கட்ட நினைத்த ஒரு லட்சம் எனும் அணையை நகரம் எப்போதோ தாண்டிவிட்டது; 2021 கணக்கெடுப்பில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் 1,45,700 பேர், சுற்றியுள்ள வடையில் 1,62,000 பேர். நகரைச் சுற்றிய பசுமை வளையம் இறுகப் பிடித்திருப்பதால் வீடுகள் வளையத்தைத் தாண்டிப் போய் விழுந்தன, வேலை நகரிலேயே தங்கியது. இரண்டுக்கும் நடுவே காலையும் மாலையும் கார்கள். நகரத்தின் பழைய கொள்கை, உள்ளூருக்கு வேண்டிய, ஆராய்ச்சி சார்ந்த வேலைகளைத் தேர்ந்தெடுத்து அனுமதிப்பது என்ற வடிவில் 2018 வரை உயிரோடு இருந்தது. அந்த ஆண்டின் ஊர்த் திட்டம் அதைக் கைவிட்டது. உயர் தொழில்நுட்பமும் அதற்குச் சேவை செய்யும் சாதாரண அலுவலகமும் பின்னிக் கிடக்கின்றன, பிரிப்பதில் அர்த்தமில்லை என்பது வாதம். நியாயமான வாதம்தான்.

தண்ணீர்தான் இப்போது தலைக்கு மேல் நிற்கிறது, இல்லாமையால். கேம்பிரிட்ஜ் இங்கிலாந்தின் மிக வறண்ட பகுதிகளில் ஒன்று. ஆண்டு மழை 600 மில்லிமீட்டருக்கும் கீழே. சென்னையின் மழையில் பாதிகூட இல்லை. குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய முழுவதும் நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறையிலிருந்து உறிஞ்சப்படுகிறது. அதே பாறையின் ஊற்றுகள்தான் கேம் ஆற்றுக்கு நீர் கொடுக்கும் ஓடைகள். தெளிந்த, குளிர்ந்த, உலகில் பெரும்பாலும் இங்கிலாந்தில் மட்டுமே காணப்படும் வகை ஓடைகள். உறிஞ்ச உறிஞ்ச ஓடை மெலிகிறது. சுற்றுச்சூழல் முகமை, சில ஆண்டுகளுக்கு முன், இந்த வட்டாரத்தின் பெரிய விண்ணப்பங்களுக்கு இதைக் காரணம் காட்டி ஆட்சேபம் தெரிவிக்கத் தொடங்கியது. ஐம்பது வருடமாக ஒவ்வொன்றாகக் கொடுத்த சரிகள் ஒரு கிணற்றடியில் வந்து கூடிவிட்டன. அருகிலுள்ள ஃபென் தாழ்நிலப் பகுதியில் புது நீர்த்தேக்கம் வருவதற்கு 2030களின் நடுப்பகுதி ஆகிவிடும் என்பதே திட்டம்.

சயின்ஸ் பார்க்குக்கு அருகிலேயே, 2017இல் திறந்த கேம்பிரிட்ஜ் வடக்கு ரயில் நிலையத்தை ஒட்டி, அலுவலகம், ஆய்வகம், வீடுகள் சேர்ந்த ஒரு பெரிய விண்ணப்பம் வந்தது. எல்லா விதத்திலும் பொருத்தமான இடம்: ரயில் உண்டு, பேருந்து உண்டு, ஏற்கெனவே பயன்பட்ட நிலம். மன்றம் கெடுவுக்குள் முடிவு சொல்லவில்லை. விண்ணப்பதாரர் மேல்முறையீட்டுக்குப் போனார். போன பிறகு கூடிய திட்டக் குழு, எங்களிடம் விட்டிருந்தால் மறுத்திருப்போம் என்று தீர்மானம் போட்டது. ஊரார் வந்து பேசியதெல்லாம் இந்த ‘விட்டிருந்தால்’ என்ற சொல்லுக்குள் அடங்கிவிட்டது. 2023இல் பொது விசாரணை நடந்தது. முடிவெடுக்கும் பொறுப்பை அமைச்சர் தன்னிடமே எடுத்துக்கொண்டார். 2024 ஏப்ரலில் அனுமதி வந்தது, லண்டனிலிருந்து. 1954இல் வேலி போட லண்டனின் ஒப்புதல் தேவைப்பட்டது; எழுபது வருடம் கழித்து வேலியைத் திறந்ததும் அங்கிருந்து வந்த கைதான்.

நகரின் தெற்கு முனையில் நைன் வெல்ஸ் என்ற சின்னத் தோப்பு இருக்கிறது. சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறி வரும் நீர் அங்கே மரநிழலில் கூழாங்கற்கள் மேல் பரவி ஓடும். ஆழம் கணுக்கால் அளவு. 1610களில் அந்த நீரை ஊருக்குள் கொண்டுவர ஒரு கால்வாய் வெட்டினார்கள். அது இன்றும் டிரம்பிங்டன் தெருவின் இரு ஓரங்களிலும் கல் ஓடைகளாக வருகிறது. புதிதாக வரும் மாணவர்கள் சைக்கிளோடு அதில் விழுவதுண்டு. அந்த ஊற்றில் அபூர்வமான தட்டைப்புழு ஒன்றும் நீர்ப்பூச்சி ஒன்றும் வாழ்ந்தன. அவற்றுக்காகவே அந்த இடத்துக்கு அறிவியல் முக்கியத்துவமுள்ள பாதுகாப்பிடம் என்ற தகுதி இருந்தது. 1976 வறட்சியில் ஊற்று வற்றியது. பூச்சிகள் திரும்பவில்லை, தகுதியும் போயிற்று. தோப்பின் விளிம்பிலிருந்து பார்த்தால் வயலுக்கு அப்பால் கிரேன்களும் கண்ணாடியும் தெரியும்: உயிரி மருத்துவ வளாகம், பெரிய மருத்துவமனைகளும் மருந்து நிறுவனத் தலைமையகமும் ஆய்வகங்களும் சேர்ந்த இன்னொரு பூங்கா. அது இன்னும் விரிய இடம் கேட்கிறது. கேட்பது இந்தப் பக்கத்து வயலை.